துண்டு போட்டு இடம் பிடிக்கும் கிருமிகள்

(மூன்றாமாண்டு, மெக்கானிக்கல்)



பிளேட்டிங், கோட்டிங் என்று சொன்னதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? புல்லட் வண்டியின் பளபளக்கும் சைலன்சர், வீட்டுக்கு வரும் ஜி.ஐ. பைப், ஜன்னல் கிரில்லுக்கு அடிக்கும் பவுடர் கோட்டிங். அதிகம் போனால் அனடைஸ் செய்த அலுமினியப் பாத்திரம். துரு பிடிக்கக் கூடாது, பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும், இதற்குத்தான் பூச்சு என்று முதலாண்டிலிருந்து படித்து வருகிறோம். பரீட்சையில் சின்னக் கேள்வியாக வரும். எழுதிவிட்டு மறந்துவிடுவோம்.

கிருமியைத் தடுப்பதற்காக உலோகத்துக்குப் பூச்சு பூசுகிற ஒரு தொழில் இருக்கிறது என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எலும்பு முறிந்தால் உள்ளே வைக்கிறார்களே பிளேட்டு, ஸ்குரூ, ராடு, வயதானவர்களுக்கு வைக்கும் செயற்கை இடுப்பு மூட்டு, இதய வால்வு. இவற்றுக்குப் பூசுவதைத்தான் சொல்கிறேன். இந்த மலரில் கவிதைக்கும் சிரிப்புக்கும் ஆள் இருக்கிறார்கள். எனக்கு அது வராது. வருகிறதை எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நான் இதைத் தேடிப் படித்ததற்குக் காரணம் என் பெரியப்பா. எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியவன் நான்தான். அதனால் வீட்டில் மிக்ஸி நின்றாலும் சரி, பம்பு செட் நின்றாலும் சரி, "தம்பி படிக்குதுல்ல, அதைக் கேளு" என்பார்கள். பெரியப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். ஒருநாள் வண்டி மோதி முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ஆபரேஷன் செய்து உள்ளே ராடு வைத்தார்கள். மூன்று மாதம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு தையல் போட்ட இடத்தில் தண்ணீர் மாதிரி கசிய ஆரம்பித்தது. மாத்திரை சாப்பிட்டால் நிற்கும், மாத்திரை தீர்ந்தால் மறுபடி வரும். கடைசியில் அந்த ராடையே எடுத்துவிட்டு, காலைச் சுற்றி வெளியில் கம்பி கட்டி, ஒரு வருஷத்துக்கு மேல் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தார். மார்க்கெட்டில் அவருடைய இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. அப்போது பெரியம்மா என்னைக் கேட்டது இதுதான்: "ஏன்டா தம்பி, நீதான் இரும்பைப் பத்திப் படிக்கிறியே. மட்டமான கம்பியா வச்சுட்டாங்களா? நல்ல கம்பியா இருந்தா சீழ் வச்சிருக்காதுல்ல?"

நியாயமான கேள்வி. ஆனால் கம்பி மட்டம் இல்லை. உடம்புக்குள் வைப்பதற்குப் பயன்படுவது பெரும்பாலும் மூன்றே வகைதான். 316 எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், கோபால்ட் குரோமியம், டைட்டானியம். டைட்டானியத்தில் அதிகம் வழக்கில் இருப்பது 6 சதவீத அலுமினியமும் 4 சதவீத வனேடியமும் கலந்த உலோகக் கலவை. இவை வளையாது, உப்பு நிறைந்த ரத்தத்தில் கிடந்தாலும் லேசில் அரிக்காது. டைட்டானியம் தன் மேல் தானே சில நானோமீட்டர் கனத்துக்கு ஒரு ஆக்சைடு சட்டையைப் போட்டுக்கொள்ளும். டென்சைல் டெஸ்ட், ஹார்ட்னெஸ் டெஸ்ட் என்று நாம் லேபில் செய்கிற எல்லாவற்றிலும் பெரியப்பாவின் ராடு பாஸாகியிருக்கும். பிரச்சினை உலோகத்தின் வயிற்றில் இல்லை, அதன் தோலில் இருக்கிறது.

டவுன் பஸ்ஸில் ஒரு பந்தயம்

நம் டவுன் பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கும்போது என்ன நடக்கிறது? கதவு வழியாக ஏறுகிறவன் ஏறட்டும், அதற்குள் ஜன்னல் வழியாக ஒரு துண்டு உள்ளே விழும். துண்டு விழுந்துவிட்டால் அந்த சீட் அவனுடையது. பிறகு வருகிறவர் கர்ப்பிணியாக இருந்தாலும் சண்டை போட்டுத்தான் வாங்க வேண்டும். உடம்புக்குள் புது உலோகம் போனதும் அதன் மேற்பரப்பு ஒரு காலி பஸ். ஒரு பக்கம் நம்முடைய சொந்த செல்கள் அதில் வந்து ஒட்டி, எலும்பும் சதையுமாக வளரப் பார்க்கின்றன. இன்னொரு பக்கம் ஆபரேஷன் நேரத்தில் தோலிலிருந்தோ காற்றிலிருந்தோ உள்ளே விழுந்த பாக்டீரியா துண்டு போடப் பார்க்கிறது. இதை 1987-ல் அந்தோணி கிரிஸ்டினா என்ற அமெரிக்க மருத்துவர் 'சயன்ஸ்' இதழில் எழுதினார். மேற்பரப்புக்கான ஓட்டப் பந்தயம் என்று பெயரும் வைத்தார். இன்று வரை இந்தத் துறையில் எல்லோரும் இந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள். நம் செல் முதலில் வந்து சீட்டை நிரப்பிவிட்டால், அதன்பின் வருகிற கிருமிக்கு இடமில்லை. கிருமி முதலில் வந்துவிட்டால் கதை வேறு.

இதில் கிருமிக்கு உலோகம் எவ்வளவு உதவி செய்கிறது என்பதை அதற்கு முப்பது வருஷம் முன்பே கண்டுவிட்டார்கள். 1957-ல் எலெக், கோனென் என்ற இருவர் தாங்களாக முன்வந்த ஆட்களின் தோலில் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியை ஊசியால் ஏற்றிப் பார்த்தார்கள். சீழ் பிடிக்கப் பல லட்சக்கணக்கில் கிருமி தேவைப்பட்டது. அதற்குக் குறைந்தால் உடம்பே சமாளித்துவிடுகிறது. ஆனால் அதே இடத்தில் ஒரு பட்டு நூல் தையலும் இருந்தால், வெறும் சில நூறு கிருமிகளே போதும்! பத்தாயிரம் மடங்கு வித்தியாசம். உலோகமே வேண்டாம் ஐயா, ஒரு துண்டு நூல், அவ்வளவுதான். காரணம் எளிது. நம் சதைக்குள் ரத்தம் ஓடுகிறது. வெள்ளை அணுக்கள் ரோந்து வருகின்றன. நூலுக்குள்ளும் உலோகத்துக்குள்ளும் ரத்தம் ஓடாது. போலீஸ் போகாத தெரு மாதிரி.

அங்கே ஒட்டிய பாக்டீரியா சும்மா இருக்காது. தன்னைச் சுற்றிச் சர்க்கரைப் பொருளும் புரதமும் கலந்த ஒரு கொழகொழப்பைச் சுரந்து, அதற்குள் கூட்டமாகக் குடியேறும். இதற்கு உயிரிப்படலம் என்று பெயர். மொட்டை மாடி சின்டெக்ஸ் தொட்டியைக் கழுவாமல் விட்டால் உள்சுவரில் கையை வழுக்குமே, அதுவும் இந்த ஜாதிதான். தண்ணீர் ஊற்றினால் போகாது, தேய்க்க வேண்டும். உயிரிப்படலத்துக்குள் இருக்கும் கிருமியை மாத்திரையால் கொல்ல, வெளியே தனியாகத் திரிகிற கிருமிக்குத் தேவைப்படுவதைப் போல நூறு மடங்கு முதல் ஆயிரம் மடங்கு வரை மருந்து வேண்டியிருக்கும். அவ்வளவு கொடுத்தால் கிருமிக்கு முன் ஆள் போய்விடுவார். பெரியப்பாவுக்கு மாத்திரை சாப்பிடும் வரை நின்று பிறகு மறுபடி கசிந்த ரகசியம் இதுதான். மாத்திரை தெருவில் திரிகிறவர்களைப் பிடித்தது, வீட்டுக்குள் இருப்பவர்களைத் தொடவே இல்லை. ராடை எடுத்தபோதுதான் வீடே காலியானது.

இன்னொரு விஷயம் எனக்கே வியப்பாக இருந்தது. இந்த வேலையைச் செய்யும் இரண்டு முக்கியப் புள்ளிகளில் ஒன்று ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். அது பழைய ரவுடி. மற்றது ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ். அது உங்கள் தோலிலும் என் தோலிலும் இந்த நிமிஷம் உட்கார்ந்திருக்கிறது. தோலில் இருக்கும்வரை பரம சாது. உலோகத்தைக் கண்டால் மட்டும் குணம் மாறிவிடுகிறது.

வழவழப்பா, சொரசொரப்பா?

இப்போது நம் லேத்துக்கு வருவோம். ஃபினிஷிங் கட் முடிந்ததும் சார் நகத்தால் தடவிப் பார்த்து, "என்னடா இது, உழுத நிலம் மாதிரி இருக்கு" என்பார். டிராயிங்கில் ஆர்.ஏ. மதிப்பு 1.6 மைக்ரான் என்று போட்டிருக்கும். ஸ்டஃபைலோகாக்கஸின் விட்டம் எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய 1 மைக்ரான். அதாவது நாம் நல்ல ஃபினிஷ் என்று நினைக்கும் டூல் மார்க் கிருமிக்கு வாய்க்கால். உள்ளே படுத்துக்கொண்டால் ரத்தம் அடித்துக்கொண்டு போகாது. பல் டாக்டர்கள் இதைத் தொண்ணூறுகளில் அளந்து பார்த்து, ஆர்.ஏ. சுமார் 0.2 மைக்ரானுக்குக் கீழே போய்விட்டால் அதற்கு மேல் பாலீஷ் போட்டும் பெரிய லாபமில்லை என்றார்கள். சரி, எல்லாவற்றையும் பஃபிங் போட்டுக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் எதிர்பார்த்துப் படித்துக்கொண்டு போனேன்.

எலும்பு செல்லுக்கும் சொரசொரப்புதான் பிடிக்கும்! சிமென்ட் இல்லாமல் பொருத்தும் இடுப்பு மூட்டுத் தண்டை வேண்டுமென்றே மணல் வீசுவது போல் பிளாஸ்ட் செய்து சொரசொரப்பாக்குகிறார்கள். சிலவற்றில் எலும்பு உள்ளே புகுந்து வளர 100 முதல் 400 மைக்ரான் வரை துளைகள் விடுகிறார்கள். இன்னும் சிலவற்றில் எலும்பிலுள்ள அதே வகைத் தாதுவான ஹைட்ராக்சி அபடைட்டைப் பிளாஸ்மா ஸ்பிரே செய்கிறார்கள். வழவழப்பாக்கினால் கிருமி வராது, எலும்பும் வராது. சொரசொரப்பாக்கினால் இரண்டும் வரும். ஒரே கதவு வழியாகத் திருடனும் சொந்தக்காரனும் வருகிறார்கள். இந்தத் துறையின் தலைவலி முழுவதும் இந்த ஒரு வரியில் இருக்கிறது என்பது என் கருத்து. கிருமியைக் கொல்ல ஆயிரம் வழி உண்டு. ஆசிட் ஊற்றினால் கூடச் சாகும். பக்கத்திலிருக்கும் நம் செல்லைக் கொல்லாமல் அதைக் கொல்ல வேண்டும்.

பூச்சு வருவதற்கு முன் செய்தவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் 1962-ல் நவீன இடுப்பு மூட்டு மாற்று சிகிச்சையைத் தொடங்கிய ஜான் சார்ன்லி, ஆபரேஷன் அறைக்குள் வடிகட்டிய காற்று மட்டும் வரும்படி தனிக் கூண்டு அமைத்து, நூற்றுக்கு ஏழு பேருக்கு வந்துகொண்டிருந்த தொற்றை ஒன்றுக்கும் கீழே கொண்டு வந்தார். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் புக்ஹோல்ஸ் என்பவர், மூட்டைப் பொருத்தும் அக்ரிலிக் சிமென்டிலேயே ஜென்டாமைசின் மருந்தைக் கலந்து 1970-ல் அறிவித்தார். அதுவும் நன்றாக வேலை செய்தது, இன்றும் உபயோகத்தில் இருக்கிறது. இப்போது முதல் தடவை மூட்டு மாற்றுகிறவர்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்குத்தான் தொற்று. ஆனால் எலும்பு வெளியே வந்து ரோட்டு மண் பட்ட காலுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே ஆபத்து பல மடங்கு அதிகம்.

வெள்ளி செய்த வேலை

வெள்ளி கிருமியைக் கொல்லும் என்பது பழைய விஷயம். செம்புக் குடத்துத் தண்ணீருக்கு நம் பாட்டிகள் சொன்ன அதே ரகம். வெள்ளியிலிருந்து மிகச் சிறிய அளவில் அயனிகள் கரைந்து வரும். அவை பாக்டீரியாவின் புரதங்களிலுள்ள கந்தகத்தைப் பிடித்துக்கொண்டு அதன் மூச்சை நிறுத்தும், மேலுறையையும் ஓட்டையாக்கும். ஒரே இடத்தில் அடிக்காமல் பல இடத்தில் அடிப்பதால் கிருமி தப்பிக்கக் கற்றுக்கொள்வது கஷ்டம். அப்படியானால் வெள்ளி பூசிவிட வேண்டியதுதானே?

பூசினார்கள். அமெரிக்காவின் செயின்ட் ஜூட் மெடிக்கல் நிறுவனம் செயற்கை இதய வால்வு செய்வதில் பெயர் பெற்றிருந்தது. வால்வைச் சுற்றி ஒரு பாலியஸ்டர் துணி வளையம் இருக்கும். அதில்தான் டாக்டர் தையல் போட்டு இதயத்தோடு இணைப்பார். வால்வில் கிருமி பிடித்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே அந்தத் துணி வளையத்துக்கு வெள்ளி பூசி, 'சில்சோன்' என்று பெயர் வைத்து 1997-ல் விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள். ஆய்வுக்கூடத்தில் கிருமி ஒட்டுவது குறைந்தது. பிறகு வெள்ளி பூசியது, பூசாதது இரண்டையும் 4,400 நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்க்கப் பெரிய பரிசோதனை ஒன்றைத் தொடங்கினார்கள். சுமார் 800 பேர் சேர்ந்த நிலையில், 2000-ம் ஆண்டு ஜனவரியில் அதை நிறுத்த வேண்டியதாயிற்று. வெள்ளி பூசிய வால்வுகளில் ஓரம் வழியாக ரத்தம் கசிவது அதிகமாக இருந்தது. சிலருக்குத் திரும்ப நெஞ்சைத் திறந்து வால்வை மாற்ற நேர்ந்தது. அதே மாதம் கம்பெனி விற்ற வால்வுகளைத் திரும்பப் பெற்றது. அதற்குள் உலகம் முழுக்கச் சுமார் 36,000 பேருக்கு அது வைக்கப்பட்டிருந்தது.

ஏன் கசிந்தது? துணி வளையத்துக்குள் நம் திசு வளர்ந்து மூடினால்தான் அந்த ஓரம் அடைபடும். அந்தத் திசு வளர்வதை வெள்ளி கெடுத்திருக்க வேண்டும் என்பதே முக்கியமான விளக்கம். துண்டு போட வந்தவனைத் தடுக்க நிறுத்திய காவல்காரன், டிக்கெட் வாங்கியவரையும் இறக்கிவிட்டான். ஆய்வுக்கூடத் தட்டில் கிருமி மட்டும்தான் இருந்தது, நம் செல் இல்லை. அதனால் பந்தயத்தில் பாதியைத்தான் அங்கே பார்க்க முடிந்தது.

இத்தோடு வெள்ளியின் கதை முடிந்திருக்கும் என்று நினைப்போம். ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரில் எலும்புப் புற்றுநோய்க்கு சிகிச்சை செய்யும் மருத்துவர்கள் அதை வேறு மாதிரி கையாண்டார்கள். அவர்கள் வைப்பது சின்ன பிளேட்டு கிடையாது. தொடை எலும்பின் மேல்பாதியையோ முழங்காலுக்குக் கீழ் எலும்பின் மேல்பாதியையோ எடுத்துவிட்டு, அந்த நீளத்துக்கு உலோகத்தை வைப்பார்கள். அவ்வளவு பெரிய காலி பஸ்! மேலும் புற்றுநோய் மருந்தால் நோயாளியின் எதிர்ப்பு சக்தியும் குறைந்திருக்கும். அவர்கள் இந்த உலோகத்துக்கு மின்முலாம் முறையில் வெள்ளி பூசினார்கள். நம் பிளேட்டிங் பட்டறை வேலையேதான்: தொட்டி, கரைசல், டி.சி. கரண்ட். முதலில் மெல்லிய தங்கப் படலம், அதன் மேல் 10 முதல் 15 மைக்ரான் வெள்ளி.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. எலும்புக்குள் சொருகும் தண்டுப் பகுதிக்கு வெள்ளி கிடையாது. அங்கே எலும்பு ஒட்ட வேண்டும். உராயும் மூட்டுப் பகுதிக்கும் கிடையாது. சதை மட்டும் சுற்றியிருக்கும் நடுப்பகுதிக்குத்தான் வெள்ளி. குரோம் போடும்போது போல்ட்டின் மரையில் முலாம் ஏறக் கூடாது என்று மறைத்துக் கட்டுவார்களே, அந்த மாஸ்கிங் வேலையைத்தான் இங்கேயும் நினைத்துக்கொள்ளுங்கள். எங்கே யார் உட்கார வேண்டும் என்று சீட்டைப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் 2010-ல் வெளியிட்ட கணக்குப்படி, வெறும் டைட்டானியம் வைத்த 74 பேரில் 17.6 சதவீதத்தினருக்குத் தொற்று வந்தது. வெள்ளி பூசியது வைத்த 51 பேரில் 5.9 சதவீதம்தான். எனக்கு இதைவிடப் பெரிதாகப் பட்டது அடுத்த செய்தி. டைட்டானியம் குழுவில் தொற்று வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானோருக்குக் காலையே எடுக்க வேண்டியதாயிற்று. வெள்ளிக் குழுவில் ஒருவருக்கும் அந்த நிலை வரவில்லை.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். இது சீட்டுக் குலுக்கி இரண்டு குழுவாகப் பிரித்து நடத்திய பரிசோதனை கிடையாது. பழைய நோயாளிகளோடு புது நோயாளிகளை ஒப்பிட்டது. ஆள் எண்ணிக்கையும் குறைவு. வெள்ளியால் சிலருக்கு அந்த இடத்துத் தோல் நீலச் சாம்பல் நிறமாக மாறியதும் உண்டு.

நாம் படித்த அனடைசிங்கும் இங்கே வருகிறது. டைட்டானியத்தை ஆனோடாக வைத்துக் கரண்ட் கொடுத்தால் ஆக்சைடு படலம் தடித்துத் துளைத்துளையாக வளரும். அலுமினியத்தில் அந்தத் துளைக்குள் சாயம் ஏற்றுகிறோம். இங்கே மருந்து ஏற்றுகிறார்கள். ஜப்பானின் கனசாவா பல்கலைக்கழகத்தில் அந்தத் துளைகளில் ஏற்றியது அயோடின். அடிபட்டால் ஆஸ்பத்திரியில் அரக்குக் கலரில் தடவுவார்களே பெட்டாடின், அந்த போவிடோன் அயோடின்தான். 5 முதல் 10 மைக்ரான் கனம். 222 நோயாளிகளுக்கு வைத்துப் பார்த்து 2012-ல் நல்ல முடிவு வெளியிட்டார்கள். அயோடின் நம் உடம்புக்கு அந்நியப் பொருள் இல்லை என்பது அதற்கு ஒரு வசதி. சும்மா சொல்லக் கூடாது, லேப் பரீட்சையில் நாம் அவசர அவசரமாகச் செய்யும் ஒரு தொட்டி வேலையில் இவ்வளவு இருக்கிறது.

மருந்தே பூச்சாக

பெரியப்பாவுக்கு வைத்ததைப் போன்ற கால் ராடுக்கு வேறொரு வழி வந்திருக்கிறது. கரைந்து போகும் ஒரு பிளாஸ்டிக்கில் (பாலிலாக்டிக் அமிலம், தையல் நூல் கரைகிறதே அந்த வகை) ஜென்டாமைசினைக் கலந்து ராடின் மேல் சில மைக்ரான் கனத்துக்குப் பூசுகிறார்கள். 2005-ல் ஐரோப்பாவில் இதற்கு அனுமதி கிடைத்தது. உள்ளே போனதும் மருந்தின் பெரும்பகுதி முதல் சில நாட்களிலேயே வெளியே வந்துவிடும்.

அது குறையில்லையா, மாதக் கணக்கில் வந்தால் நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. பந்தயத்தின் முதல் ஆறு மணி நேரம் போல முக்கியமான நேரம் வேறில்லை என்கிறார்கள். அந்த நேரத்தில் ரத்தத்தில் போகும் மருந்து எலும்பு முறிந்த இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேராது, ஏனென்றால் அங்கே ரத்தக் குழாய்களே அறுந்து கிடக்கும். பூச்சிலிருந்து வரும் மருந்து சரியாக அந்த இடத்திலேயே இறங்குகிறது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, கிருமியைக் கொல்லப் போதாத அளவில், மாதக் கணக்கில் கசிந்துகொண்டிருந்தால் அது கிருமிக்கு டியூஷன் எடுப்பது மாதிரி. மருந்துக்கு அசையாத கிருமி அப்படித்தான் உருவாகிறது. அடித்தால் பலமாக அடித்துவிட்டு நிறுத்திவிட வேண்டும். பேஸ்மேக்கர் கருவிக்கும் இதே தத்துவத்தில் கரையும் வலைப் பை ஒன்று உண்டு. அதில் இரண்டு ஆன்டிபயாடிக் பூசியிருக்கும். ஏறக்குறைய 7,000 பேரிடம் சீட்டுக் குலுக்கிப் பிரித்தே சோதித்து, பெரிய தொற்று 1.2 சதவீதத்திலிருந்து 0.7 ஆகக் குறைந்ததாக 2019-ல் வெளியிட்டார்கள்.

மருந்தே இல்லாமல் வெறும் வடிவத்தால் கொல்ல முடியுமா? இதைப் படித்தபோதுதான் எனக்குத் தூக்கம் போனது. ஆஸ்திரேலியாவின் ஸ்வின்பர்ன் பல்கலைக்கழகத்தில் எலெனா இவனோவாவும் குழுவினரும் 2012-ல் சில்வண்டின் இறக்கையை ஆராய்ந்தார்கள். சாயங்காலம் மரத்தில் ரீங்காரம் போடுமே, அதே இனம்தான். அதன் இறக்கையில் கண்ணுக்குத் தெரியாத நானோ தூண்கள் வரிசையாக நிற்கின்றன. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா அதன் மேல் உட்கார்ந்தால் சில நிமிடங்களில் அதன் மேலுறை தூண்களுக்கு இடையே இழுபட்டுக் கிழிந்துவிடுகிறது. பலூனை ஆணிப் பலகையில் வைப்பது போலத் தெரியலாம், ஆனால் குத்துவதைவிட இடைவெளியில் தொய்ந்து கிழிவதுதான் நடக்கிறது என்கிறார்கள். இப்போது டைட்டானியத்தின் மேல் காரக் கரைசலில் சூடாக்கி இதே மாதிரி நானோ முட்களை வளர்க்கிறார்கள். அமெரிக்காவில் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் அந்தோணி பிரென்னன் கப்பலின் அடியில் பாசி பிடிக்காமலிருக்க வழி தேடப் போய், சுறாமீன் தோலைப் பார்த்து 2 மைக்ரான் அகலமுள்ள வரிமேடுகளை வடிவமைத்தார். அதில் பாக்டீரியா படலம் கட்டுவது குறைகிறது.

ஆனால் ஆசைப்படுவதற்கு முன் ஒன்று. சில்வண்டு இறக்கை கிழித்தது மெல்லிய தோலுள்ள கிருமிகளை. நம் வில்லன் ஸ்டஃபைலோகாக்கஸ் தடித்த சுவர் கட்டியிருக்கும் ஜாதி. அந்த இறக்கையில் அது சாகவில்லை. தும்பியின் இறக்கை அமைப்பும், அதேபோலச் செய்த கறுப்பு சிலிக்கானும் இரண்டையும் கொன்றதாக 2013-ல் வந்தது. அது நம்பிக்கை தருகிறது. இருந்தாலும் செத்த கிருமியின் குப்பை முட்களுக்கிடையில் நிரம்பினால் அடுத்து வருகிறவன் மெத்தையில் உட்கார்ந்த மாதிரி உட்காருவான். மேலும் எந்த உலோகத்தை உள்ளே வைத்தாலும் நொடிக் கணக்கில் ரத்தப் புரதம் அதன் மேல் ஒரு படலமாகப் படிந்துவிடும். நாம் பூசியதை கிருமி நேராகப் பார்ப்பதே இல்லை, அந்தப் படலத்தின் வழியாகத்தான் பார்க்கிறது. தட்டில் ஜெயித்த பூச்சு உடம்பில் தோற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி வருவது டாக்டர் வேலையும் பயாலஜிக்காரர் வேலையும் கிடையாது, சுத்தமாக நம் வேலை. காலுக்குள் ராடு எப்படிப் போகிறது தெரியுமா? மெதுவாகச் சொருகுவதில்லை. எலும்பின் மஜ்ஜைக் குழியை ரீமரால் குடைந்து, சுத்தியலால் தட்டித்தான் இறக்குகிறார்கள். இன்டர்ஃபியரன்ஸ் ஃபிட் என்று நாம் படித்ததற்கு அண்ணன் தம்பி. எலும்பின் உள்சுவர் முழுக்க அந்தப் பூச்சை உரசிக்கொண்டே வரும். ஸ்குரூவாக இருந்தால் மரை மரையாக உரசும். 10 மைக்ரான் பூச்சு அங்கே உரிந்து வழியிலேயே நின்றுவிட்டால் கிருமி இருக்கும் இடத்துக்கு மருந்து போகாது. உரிந்த துகள் மூட்டுக்குள் போனால் அங்கே அது எமரி பவுடர். பூசுவதற்கு முன் உலோகத்தில் துளி எண்ணெய் இருந்தாலும் ஒட்டாது. ஸ்டெரிலைசேஷன் செய்யும்போது சில பூச்சுகள் கெட்டுவிடும், அதற்கேற்ற முறையைத் தேட வேண்டும். தொட்டியில் கரண்ட் அடர்த்தி ஓரத்தில் அதிகமாகவும் பள்ளத்தில் குறைவாகவும் இருப்பதால், ஸ்குரூ மரையின் நுனியில் தடித்தும் அடியில் மெலிந்தும் பூச்சு ஏறும். கிருமி ஒளிந்துகொள்வதோ அந்த அடிப் பள்ளத்தில்!

ஆகவே பூச்சு எத்தனை கிருமியைக் கொன்றது என்று பார்ப்பதற்கு முன்னால், பூசிய ராடைத் துல்லியத் தராசில் எடை போட்டு, எலும்புக்குள் அடித்து இறக்கி, திரும்ப உருவி எடுத்து, கழுவிக் காயவைத்து மறுபடி எடை போடுகிறார்கள். இரண்டு எடைக்கும் வித்தியாசம் எத்தனை மில்லிகிராம் என்பதில் முதல் தீர்ப்பு வந்துவிடுகிறது.